கடலில் ஓடும்போதே பர்னர் எரிகிறதா? எக்ஸாஸ்ட் எகானமைசர் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

கப்பலின் மெயின் இஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டுக்குப் போகிறது. கால் பங்கு புகையோடு ஃபன்னல் (புகைபோக்கி) வழியாக வெளியேறுகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதியைப் பிடித்து நீராவியாக்கித் தருவதுதான் எகானமைசரின் வேலை. எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். 10,000 கிலோவாட் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் 85 சதவீத லோடில் ஓடுகிறது, புகை மணிக்கு சுமார் 68 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போசார்ஜரை (புகையின் விசையில் சுழன்று இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருவது) தாண்டி 245 டிகிரியில் வரும் அந்தப் புகையை எகானமைசர் 190 டிகிரிக்கு இறக்கினால் மணிக்கு ஏறக்குறைய 1,600 கிலோ நீராவி கிடைக்கும். அதே நீராவியை ஆக்ஸிலரி பாய்லரில் பர்னர் போட்டு எடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டரை டன்னுக்கு மேல் எண்ணெய் எரிக்க வேண்டும். எகானமைசர் சரியாக வேலை செய்யாத ஒவ்வொரு நாளும் அந்த எண்ணெய் வீணாகிறது. கரி பிடித்துத் தீப்பற்றினால் எகானமைசரே போய்விடும்.

இங்கே சொல்வதெல்லாம் நீர்க்குழாய் வகைக்கு, அதாவது சர்குலேட்டிங் பம்ப் பாய்லர் தண்ணீரைத் தள்ளி, குழாய்களுக்கு வெளியே புகை போகும் வகைக்குப் பொருந்தும். பெரும்பாலான கப்பல்களில் இருப்பது இதுதான்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

இஞ்சின் லோடு, எகானமைசருக்கு முன்னும் பின்னும் புகையின் வெப்பநிலை, எகானமைசரின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம், பாய்லர் அழுத்தம். இவற்றை ஒரே நேரத்தில் எடுத்து ஒரே வரியில் எழுதுங்கள். கூடவே சீ ட்ரையல் (கப்பல் புதிதாக இருந்தபோது நடந்த சோதனை ஓட்டம்) அறிக்கையில் இருக்கும் பழைய எண்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

பலரும் தடுமாறுவது அழுத்த வித்தியாசத்தில்தான். புகையின் அளவு குறைந்தால் அதன் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்ப அழுத்த வித்தியாசமும் குறையும். முழு ஓட்டத்தில் 120 மில்லிமீட்டர் (மானோமீட்டரில் ஏறும் தண்ணீரின் உயரம்) காட்டும் எகானமைசர், புகை 70 சதவீதமானதும் ஏறக்குறைய 60 காட்டும். புகை பாதியானால் 30 காட்ட வேண்டும். அப்போதும் 60 காட்டினால் முழு ஓட்டத்தில் அது 240-க்குச் சமம். மெதுவாக ஓடும் கப்பலில் "60 தானே, பரவாயில்லை" என்று விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து.

இந்த வித்தியாசத்தைக் காட்டும் மானோமீட்டரை நம்புவதற்கு முன், எகானமைசரின் இரு பக்கத்திலிருந்தும் அதற்கு வரும் இரண்டு டேப்பிங் குழாய்களையும் கழற்றி ஊதிப் பாருங்கள். கரி அடைத்த டேப்பிங் எப்போதும் நல்ல செய்தியே சொல்லும்.

அறிகுறி: கடலில் ஓடும்போது நீராவி அழுத்தம் நிற்கவில்லை, பர்னர் தானாக எரிகிறது

உடனே எகானமைசரைச் சந்தேகப்பட வேண்டாம். இஞ்சின் என்ன லோடில் ஓடுகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன இஞ்சினே 40 சதவீத லோடில் ஓடினால் புகை மணிக்கு 36 டன் அளவுக்கு இறங்கும், வெப்பநிலையும் குறையும். அப்போது 600 கிலோ நீராவி கிடைத்தாலே அதிகம். 2008-க்குப் பிறகு ஸ்லோ ஸ்டீமிங் (எண்ணெய் மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டுவது) வழக்கமானதிலிருந்து பல கப்பல்களில் பர்னர் எரிவதற்குக் காரணம் இதுதான். இங்கே பழுது எதுவும் இல்லை. நீராவிச் செலவைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

செலவைக் குறைக்க முதலில் ஹாட்வெல்லுக்கு (நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர் சேரும் தொட்டி) போங்கள். அது 80 முதல் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறி, வென்ட் வழியாக ஆவி வந்துகொண்டிருந்தால் எங்கோ ஸ்டீம் ட்ராப்கள் (தண்ணீரை மட்டும் விட்டு நீராவியைத் தடுக்க வேண்டியவை) நீராவியை அப்படியே விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ட்ராப்பின் முன்னும் பின்னும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். தேவையில்லாத பங்கர் டேங்க் (எரிபொருள் தொட்டி) சூடேற்றம், வெப்பமான கடலிலும் மூடாமல் விட்ட ட்ரேசிங் லைன் (எண்ணெய்க் குழாயோடு ஒட்டிப் போய் அதைச் சூடாக்கும் நீராவிக் குழாய்) ஆகியவற்றையும் பாருங்கள். மிஞ்சும் நீராவியை டம்ப் கண்டென்சருக்கு அனுப்பும் டம்ப் வால்வ் மூடியிருப்பதாகக் காட்டிக்கொண்டே கசியும். அது மூடியிருக்க வேண்டிய நேரத்தில் டம்ப் கண்டென்சரின் உடல் சூடாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

செலவு சரி, லோடும் சரி என்றால் இப்போது எகானமைசருக்கு வரலாம். வெளியேறும் புகையின் வெப்பநிலையையும் அழுத்த வித்தியாசத்தையும் சேர்த்தே படியுங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் தவறான இடத்தைப் பிரிப்பீர்கள்.

இரண்டுமே ஏறியிருந்தால் குழாய்களின் வெளிப்பக்கம் கரி படிந்திருக்கிறது. வெப்பநிலை மட்டும் ஏறி அழுத்த வித்தியாசம் மாறாமல் இருந்தால் கோளாறு தண்ணீர்ப் பக்கம்: குழாய்க்குள் செதில் படிந்திருக்கலாம், அல்லது சர்குலேஷன் குறைந்திருக்கலாம். அழுத்த வித்தியாசம் குறைந்து நீராவியும் குறைந்தால் புகை வேறு வழியில் போகிறது. பைபாஸ் டாம்பர் (புகையை எகானமைசருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் கதவு) இருக்கும் கப்பலில் அது முழுக்க மூடவில்லை என்று பொருள். கன்ட்ரோல் ரூமில் தெரியும் நிலையை நம்பாமல், மேலே ஏறி டாம்பர் ஷாஃப்டின் நிலையை நேரில் பாருங்கள், லிங்க் கழன்றிருந்தாலும் ஆக்சுவேட்டர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நான்காவது வகை கொஞ்சம் அபூர்வம். அழுத்த வித்தியாசம் ஏறும், வெளியேறும் வெப்பநிலை இறங்கும். குழாய் கசிந்து கரி நனைந்து சேறாகிக்கொண்டிருக்கலாம். அதைக் கசிவு பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

அறிகுறி: பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) ஏறிக்கொண்டே போகிறது

முழு லோடில் எகானமைசரின் அழுத்த வித்தியாசம் 150 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. டர்போசார்ஜருக்குப் பின்னால் உள்ள மொத்தக் குழாய்க்கும் சேர்த்து வடிவமைப்பு அளவு 300 மில்லிமீட்டர் என்பது டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்களில் வழக்கம். அதைத் தாண்டும்போது இஞ்சினே சொல்லிவிடும். எல்லா சிலிண்டர்களிலும் எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஒன்றாக ஏறும், ஸ்கேவெஞ்ச் அழுத்தம் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம்) இறங்கும், எண்ணெய்ச் செலவு கூடும், கடைசியில் டர்போசார்ஜர் சர்ஜ் அடிக்கும் (காற்று பின்னோக்கித் தள்ளிச் சத்தத்தோடு குலுங்கும்). ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஏறினால் அது இன்ஜெக்டர் அல்லது எக்ஸாஸ்ட் வால்வ் சமாச்சாரம்.

கரி படிவதற்கான காரணத்தை இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, கரி எங்கிருந்து வருகிறது. இரண்டு, வந்த கரி ஏன் போகவில்லை.

வருவது இஞ்சினிலிருந்து. சொட்டும் இன்ஜெக்டர், அழுக்கான டர்போசார்ஜர் ஃபில்டர், அளவுக்கு மீறிய சிலிண்டர் ஆயில் (சிலிண்டர் சுவருக்குப் போகும் மசகு எண்ணெய்). இதில் சிலிண்டர் ஆயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லோடு குறையும்போது ஃபீட் ரேட்டை (அந்த ஆயில் போகும் அளவை) சரியாகக் குறைக்காவிட்டால் எரியாத ஆயில் ஆவியாக மேலே போய், குளிர்ந்த குழாயில் பசைபோல் ஒட்டும். அதன்மேல் வரும் காய்ந்த கரியும் ஒட்டிக்கொள்ளும். தீப்பிடிக்கும் கலவை இதுதான்.

போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் புகையின் வேகம். குழாய்களுக்கிடையில் புகை விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும்படி எகானமைசரை வடிவமைப்பார்கள், அந்த வேகமே கரியை அடித்துக்கொண்டு போய்விடும். 10 மீட்டருக்குக் கீழே இறங்கினால் கரி தங்க ஆரம்பிக்கிறது. மெதுவாக ஓடும் கப்பலில் தினமும் கொஞ்ச நேரமாவது லோடைக் கூட்டி, அந்த நேரத்தில் சூட் ப்ளோ செய்ய (நீராவியோ காற்றோ அடித்துக் கரியை ஊதித் தள்ள) சொல்வது இதற்காகத்தான். பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறை) பேசி நேரம் வாங்குங்கள், காற்றின் திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேகம் குறைப்பதற்கு முன்பே, அதாவது துறைமுகம் நெருங்குவதற்கு முன்பே ஒருமுறை ஊதிவிடுவது மிக நல்ல பழக்கம். லோடு குறைந்த பிறகு ஊதினால் கரி ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் உட்காரும், அவ்வளவுதான்.

ஒழுங்காக ஊதியும் அழுத்த வித்தியாசம் இறங்கவில்லை என்றால் சூட் ப்ளோயரையே சோதியுங்கள். நீராவி ப்ளோயர் என்றால் லைனில் தேங்கிய தண்ணீரை முழுவதும் வடித்து, உலர்ந்த நீராவி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈர நீராவி கரியைப் பசையாக்கிக் குழாயில் அப்பிவிடும். ஊதும்போது ப்ளோயர் நுழைவாயிலில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது, மோட்டார் சுற்றும்போது உள்ளே லான்ஸும் (ஓட்டைகள் வழியாக நீராவி அடிக்கும் குழாய்) சுற்றுகிறதா என்று பாருங்கள். மோட்டார் சுற்றும், கியரில் பின் அறுந்து லான்ஸ் நின்றிருக்கும். அப்போது ஒரே வரிசைக் குழாய்கள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்க மற்றவை கரியில் மூழ்கியிருக்கும். துறைமுகத்தில் மேன்ஹோல் திறக்கும்போது லான்ஸ் ஓட்டைகளையும் பார்த்துவிடுங்கள், சூட்டில் வளைந்தும் எரிந்தும் போயிருக்கும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் துறைமுகத்தில் வாட்டர் வாஷ்தான். இஞ்சின் நின்று, எகானமைசர் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். நன்னீர் மட்டும். கீழே டிரெயின் திறந்திருக்கிறதா, அடைக்காமல் இருக்கிறதா என்று ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரெயின் அடைத்தால் அந்தத் தண்ணீர் நேராக டர்போசார்ஜருக்குள் இறங்கும். கரியில் கந்தகம் இருப்பதால் வடியும் தண்ணீர் அமிலமாக இருக்கும், வடிவது தெளிந்து பிஎச் அளவு 7-க்கு வரும்வரை கழுவுங்கள். பாதியில் நிறுத்துவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல்: பாதி நனைந்த கரி காய்ந்தால் கல்லாகிவிடும். கழுவி முடித்ததும் ஈரத்தோடு விடாமல் சூடான பாய்லர் தண்ணீரைச் சுற்றவிட்டு உலர்த்துங்கள்.

அறிகுறி: வெளியேறும் புகை உள்ளே வரும் புகையைவிடச் சூடாக இருக்கிறது, அல்லது ஃபன்னலில் பொறி பறக்கிறது

இது கரித் தீ. அலாரத்தை அடக்கிவிட்டு சென்சாரைச் சந்தேகப்படும் நேரமல்ல இது. சீஃப் இஞ்சினியரைக் கூப்பிடுங்கள், பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள்.

காய்ந்த கரி 300 முதல் 400 டிகிரியில்தான் பற்றும். ஆனால் எரியாத ஆயிலில் ஊறிய கரி 150 டிகிரியிலேயே பற்றக்கூடும். டூ-ஸ்ட்ரோக் புகையில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 14 சதவீதம் இருக்கிறது, அதாவது எரிவதற்குக் காற்றும் அங்கேயே தயார். எரிபொருளும் காற்றும் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். ஆயிலில் ஊறிய கரி சேர்வது லோடு குறையும்போது. அதனால்தான் பெரும்பாலான தீ மெதுவாக நகரும் நேரத்தில், அல்லது இஞ்சின் நின்று கொஞ்ச நேரத்துக்குள் வருகிறது.

சின்னத் தீயாக இருக்கும்போதே இஞ்சினை நிறுத்தினால் காற்று குறையும். கப்பல் இருக்கும் இடம் பார்த்து அந்த முடிவை பிரிட்ஜோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். சர்குலேட்டிங் பம்பை நிறுத்தக் கூடாது, குழாய்களைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். சூட் ப்ளோயரைத் தொடவே கூடாது. ஊதினால் அணையும் என்று தோன்றும், ஆனால் தீயைக் கிளறிவிடுவீர்கள். இஞ்சின் நின்றதும் டர்போசார்ஜரின் காற்று ஃபில்டரை மூடிப் போர்த்துங்கள். எகானமைசர் உறையைச் சுற்றி வெளியிலிருந்து தண்ணீர் அடித்துக் குளிர வையுங்கள், பக்கத்தில் பெயின்ட், எண்ணெய் எது இருந்தாலும் அகற்றுங்கள்.

மேன்ஹோலைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். திறந்ததும் புதுக் காற்று உள்ளே போகும்.

குழாய்கள் உருகி, தண்ணீர் அளவு சரசரவென்று இறங்கினால் நிலைமையே வேறு. 1,000 டிகிரிக்கு மேல் நீராவி பிரிந்து ஹைட்ரஜன் உண்டாகும், 1,100 டிகிரி அளவில் இரும்பே எரியத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் உடைந்த குழாய் வழியாகப் போகும் தண்ணீரே தீக்குத் தீனி. அதனால் பம்பை நிறுத்தி, எகானமைசரின் வால்வுகளை மூடி, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். சின்னத் தீயில் பம்ப் ஓட வேண்டும், குழாய் உடைந்த பெருந்தீயில் நிற்க வேண்டும். எது எந்த நிலை என்று பார்ப்பது சீஃபின் பொறுப்பு. ஆனால் இந்த வித்தியாசம் வாட்சில் நிற்கும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கப்பலின் தயாரிப்பாளர் கையேட்டில் இதற்கான வரிசை இருக்கும், அதைப் படித்து எகானமைசர் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

இஞ்சின் நின்ற பிறகும் சர்குலேட்டிங் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தது 12 மணி நேரம், கையேடு அதிகம் சொன்னால் அதுவரை. மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தப் பம்பை நிறுத்துவதை எந்தக் கப்பலிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: சர்குலேட்டிங் பம்ப் ஆம்பியர் ஆடுகிறது, ஃப்ளோ அலாரம் வருகிறது

இந்தப் பம்ப் இழுப்பது கொதிநிலையில் இருக்கும் பாய்லர் தண்ணீரை. அதனால் பாய்லர் அழுத்தம் திடீரென்று இறங்கினால் சக்ஷன் குழாயிலேயே தண்ணீர் ஆவியாகிப் பம்ப் பிடிப்பை இழக்கும். யாராவது பெரிய நீராவி வால்வை ஒரேயடியாகத் திறந்தார்களா என்று கேளுங்கள். டேங்க் ஹீட்டிங்கை மெல்லத் திறந்தால் இந்தத் தொல்லை வராது. அழுத்தம் நிலையாக இருந்தும் ஆம்பியர் ஆடினால் சக்ஷன் ஸ்ட்ரெய்னர்.

ஆம்பியர் ஆடாமல் சரியாக இருந்தும் ஃப்ளோ குறைவா? ஸ்டேண்ட்பை பம்பின் ஷாஃப்டைப் பாருங்கள். அது பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் நான்-ரிட்டர்ன் வால்வ் பிடிக்கவில்லை. ஓடும் பம்ப் தள்ளும் தண்ணீர் அந்த வழியாகவே திரும்பி வருகிறது. தற்காலிகமாக அதன் டெலிவரி வால்வை மூடலாம், ஆனால் அப்போது ஸ்டேண்ட்பை தானாக ஏறிக்கொள்ளாது என்பதை வாட்ச் மாறும்போது எழுதி ஒப்படையுங்கள்.

மெக்கானிக்கல் சீல் அடிக்கடி போனால் சீலை மாற்றிக்கொண்டே இருக்காமல், சீலுக்குப் போகும் குளிர்ச்சித் தண்ணீர் லைன் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஃபீட் பம்ப் அடிக்கடி ஓடுகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை

ரசாயன அளவுகளைப் பாருங்கள். பாய்லர் தண்ணீர் திரவமாகவே வெளியேறினால் பாஸ்பேட்டும் ஆல்கலினிட்டியும் நீங்கள் போடப் போட இறங்கிக்கொண்டே வரும், குளோரைடும் ஏறாது. நீராவியாக மட்டும் போனால் ரசாயனங்கள் பாய்லரிலேயே தங்கும். எனவே ரசாயனமும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் எகானமைசர் குழாய், ப்ளோடவுன் வால்வ் (பாய்லர் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவது), பாய்லர் டிரெயின் இந்த மூன்றில் ஒன்று. ப்ளோடவுன் குழாயைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

எகானமைசர்தான் என்றால், ஃபன்னலில் வெள்ளை ஆவி வழக்கத்தைவிட அதிகம் தெரியலாம். துறைமுகத்தில் இஞ்சின் நின்றதும் புகைப்பக்க டிரெயினைத் திறந்தால் தண்ணீர் வரும். ஆறிய பிறகு பம்பை ஓட்டி, பாய்லர் அழுத்தத்தில் வைத்து, மேன்ஹோல் வழியாக விளக்கடித்துப் பாருங்கள். கசியும் காயிலை (வளைந்து போகும் குழாய்) கண்டுபிடித்து ஹெடரில் (காயில்கள் வந்து சேரும் பெரிய குழாய்) இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். அடைத்த காயிலுக்குள் தண்ணீர் சிக்கியிருந்தால் அது ஓட்டத்தில் கொதித்து வெடிக்கும், ஆகவே முதலில் அறுத்தோ துளைத்தோ காலியாக்குங்கள். எத்தனை காயில் அடைக்கலாம் என்பதற்குக் கையேட்டில் எல்லை உண்டு.

அடைக்க நேரமில்லை, தண்ணீர் இல்லாமலே ஓட்டிவிடலாமா என்று கேட்பார்கள். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும், சொல்லப்பட்ட வெப்பநிலைக்குள் மட்டும். அதற்கு முன் கரியை முழுக்கக் கழுவியிருக்க வேண்டும், வென்ட், டிரெயின் இரண்டும் திறந்திருக்க வேண்டும். கரியோடு காய்ந்த எகானமைசரை ஓட்டுவது தீயை அழைப்பது.

அறிகுறி: உறையின் கீழ்ப்பகுதி துருப்பிடிக்கிறது, குழாய்கள் மெலிகின்றன

புகையில் இருக்கும் கந்தகம் குளிர்ந்த இரும்பில் அமிலமாகப் படிகிறது. வெளியேறும் புகையை 165 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்குள் என்று ஆன பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. ஸ்க்ரப்பர் (புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் கருவி) வைத்து அதிகக் கந்தக எண்ணெய் எரிக்கும் கப்பல்களில் அப்படியே இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் சூட்டைப் பிழியலாம் என்று பாய்லர் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுபவர்கள் உண்டு. 7 பாரில் தண்ணீர் 170 டிகிரி, 4 பாரில் 152 டிகிரி. குழாயின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கிவிடும். கூடுதலாகக் கிடைக்கும் நீராவியைவிடக் குழாய் மாற்றும் செலவு பெரிது. அழுத்தத்தை இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்திருங்கள்.

அறிகுறி: நீராவி மிஞ்சி சேஃப்டி வால்வ் தூக்குகிறது

வெப்பக் கடலில் முழு வேகத்தில் ஓடும்போது வருவது. டம்ப் வால்வுக்குக் கன்ட்ரோல் ஏர் வருகிறதா, கண்டென்சருக்குக் கடல்தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். பைபாஸ் டாம்பர் இருந்தால் கொஞ்சம் திறக்கலாம். அழுத்தத்தைக் குறைக்க சர்குலேட்டிங் பம்பை நிறுத்தவே கூடாது. மிஞ்சும் நீராவியை டம்ப் செய்வதற்கு முன் ஹெவி ஃபியூவல் செட்லிங் டேங்கை (எண்ணெய் தெளியும் தொட்டி) சூடாக்கி வையுங்கள். துறைமுகம் நெருங்கி லோடு குறையும்போது பர்னர் கொஞ்சம் தாமதமாகத்தான் எரியும்.